மழைச்சோற்றில் ஒரு பிடி உப்பு

போன வாரம் திண்டிவனம் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. நான்தான் சீஃப் கெஸ்ட். சால்வை, ஷீல்டு, பத்து நிமிஷம் பேசச் சொன்னால் இருபது நிமிஷம் பேசுவது... எல்லாம் வழக்கம்போல நடந்து முடிந்தது.

பேசிவிட்டு வந்து உட்கார்கிறேன், ஷாமியானா மேல் பட் பட் என்று சத்தம். மழை. அந்தப் பக்கம் மூன்று மாதமாக ஒரு சொட்டு இல்லையாம். தாளாளர் மைக்கைப் பிடித்து, “மேடம் வந்த ராசி, மழையும் கூடவே வந்துடுச்சு” என்றார். பிள்ளைகள், பெற்றோர், டீச்சர்கள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நான் தட்டவில்லை.

கர்வம் என்று நினைத்திருப்பார்கள். சத்தியமாக இல்லை. மழை வந்தால் என் கைகள் எதையாவது இழுத்து மூடத்தான் தேடும். அன்றும் மேஜை விரிப்பின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவள் அதைக் கவனித்துவிட்டு, மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். அவள் யார் என்று கடைசியில் சொல்கிறேன்.

மழை வந்தால் ஊரே பஜ்ஜி போடுகிறது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறது. இவளுக்கு மட்டும் என்ன கேடு?

ஒன்றுமில்லை. நான் மரக்காணத்துக்காரி. உப்பளத்தில் வளர்ந்தவள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நைனா — எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம் — பதினைந்து பாத்தியைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். உப்பங்கழித் தண்ணீரை இறைத்துப் பாத்தியில் கட்ட வேண்டும். அது வெயிலில் சுண்டிச் சுண்டி உப்பாகப் பூக்கும். அதைப் பலகையால் வாரி வரப்பில் போட்டு, பிறகு கூடை கூடையாகச் சுமந்து மேட்டில் அம்பாரமாகக் குவித்து, பனையோலை போட்டு மூட வேண்டும். மாதக்கணக்கில் கால் வெடிக்கச் செய்கிற வேலை. நடுவில் ஒரு மழை பெய்தால் பாத்தியில் இருப்பது போச்சு, வரப்பில் இருப்பதும் போச்சு. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பாடப் புத்தகத்தில் மாதம் மும்மாரி பொழிந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவில் மாதம் ஒரு மாரி பொழிந்தாலே அடுப்பு எரியாது. எனக்கு எது உண்மையாகத் தெரியும், சொல்லுங்கள்?

பத்தாம் வகுப்பில் ஒரு மாதப் பரீட்சை. தமிழ்ப் பேப்பரில் இரண்டு மார்க் கேள்வி. ‘மழையினால் உண்டாகும் பயன்கள் இரண்டு கூறுக.’ நான் நேர்மையாக யோசித்து எழுதினேன்.

ஒன்று, உப்பு கரையும். இரண்டு, நைனா வீட்டில் இருப்பார்.

சரோஜா டீச்சர் சிவப்பு மையால் இரண்டையும் குறுக்கே அடித்து, பக்கத்தில் பெரிய முட்டை போட்டிருந்தார். டீச்சர் தஞ்சாவூர்ப் பக்கம். ஆறும் வயலுமாக வளர்ந்தவர். வேலைக்காக எங்கள் ஊரில் வந்து ஒற்றை அறையில் குடியிருந்தார். “மழையைப் போய் யாராவது இப்படி எழுதுவாங்களா?” என்று கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே அவருக்கு வருத்தம்.

எங்கள் வீட்டிலேயே மழைக்கு இரண்டு முகம் உண்டு என்பதை அவருக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஏனென்றால் அம்மா உப்பளத்துக்காரி இல்லை. மேற்கே நாலு மைல் தள்ளி ஒரு விவசாயக் கிராமத்தில் பிறந்தவள். மல்லாட்டையும் கேழ்வரகும் போடுகிற மானாவாரி ஊர். வேர்க்கடலை என்று நீங்கள் சொல்வதுதான் எங்களுக்கு மல்லாட்டை. மழை பிடித்தால் நைனா கூரைக் கம்பைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நிற்பார். அம்மா மட்டும், “வெறகு நனையுது” என்று சொல்லிவிட்டுப் புழக்கடைப் பக்கம் போவாள். விறகு எப்போதோ உள்ளே வந்திருக்கும். அம்மா கொஞ்ச நேரம் கழித்து, தலை நனைந்து, வெறுங்கையோடு திரும்பி வருவாள். முகத்தில் ஒரு தினுசான வெளிச்சம் இருக்கும். நைனாவைப் பார்த்ததும் அதை முந்தானையால் துடைத்துக்கொள்வாள்.

நான் நைனா பக்கம். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அந்த வருஷம் கோடை முடிந்தும் மழை இல்லை. ஆடி போயிற்று. ஆவணியும் பாதி போயிற்று. மேற்கே கிணறெல்லாம் பாறை தெரிந்தது. எங்கள் அளத்திலோ உப்பு வாரி மாளவில்லை. வாரி முடித்துத் திரும்புவதற்குள் அடுத்த பாத்தி பூத்துவிடும். நைனா சிரித்துக்கொண்டே வேலைக்குப் போய், சிரித்துக்கொண்டே திரும்பியதை நான் பார்த்தது அந்த ஒரு வருஷம்தான். “இந்த உப்பு ஒழுங்கா கரை ஏறிச்சின்னா உன்னை டீச்சர் டிரெய்னிங் அனுப்பறேன், அஞ்சல” என்றார்.

என் வகுப்பில் தாமரை இருந்தாள். செந்தாமரை. அம்மாவின் அண்ணன் மகள். அந்த நாலு மைலையும் நடந்து வந்து படித்தவள். கணக்கில் என்னைவிடக் கெட்டி. நடந்து வருவதால் தினமும் லேட்டாக வந்து, முதல் பீரியடில் வாசலில் நிற்பாள். அப்படி நின்றுகொண்டே போர்டில் இருக்கிற கணக்கை மனதில் போட்டு முடித்துவிடுவாள்.

ஒருநாள் மதியம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே சொன்னாள். “அப்பா சொல்லிட்டாரு. மல்லாட்டை தேறுச்சின்னா பதினொண்ணு முடிக்கலாமாம். தேறலைன்னா மாமாவுக்குக் கட்டிக் குடுத்துடுவாராம்.”

அப்போது எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பதினொன்றாம் வகுப்பு. மாமா என்பது அவள் அம்மாவின் தம்பி. நல்ல மனுஷன்தான். அவளைவிடப் பதினைந்து வயது பெரியவர்.

“மழை எப்ப வரணும்?” என்று கேட்டேன்.

“பூ பூத்து நிக்குது. விழுது மண்ணுல எறங்கற நேரம். இப்ப ஒரு மழை வந்தா போதும்டி. ஒரே ஒரு மழை.”

நான் என் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தாமரை வேண்டும். மழை வேண்டாம். இரண்டையும் ஒரே கடவுளிடம் எப்படிக் கேட்பது? பள்ளிக்கூடத்தில் சரோஜா டீச்சர் தினமும் பிரேயரில் மழை வேண்டி எங்களைக் கண்ணை மூடச் சொல்வார். நான் கண்ணை மூடிக்கொண்டு சும்மா நிற்பேன்.

மழை வராமல் போனால் அந்தப் பக்கத்துப் பெண்கள் மழைச்சோறு எடுப்பார்கள். ஒரு பானையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிச்சை கேட்பார்கள். வசதியுள்ள வீட்டுப் பெண்களும் அன்றைக்குப் பிச்சைக்காரிகள்தான். வீட்டுக்கு ஒரு கை சோறு போடுவார்கள். அதில் உப்பு போடக் கூடாது. எல்லாச் சோற்றையும் ஏரிக்கரையில் ஒன்றாகப் பிசைந்து, உப்பில்லாமல் சாப்பிட்டு, ‘பிழைக்க வழியில்லை, ஊரை விட்டுப் போகிறோம்’ என்று வாய்விட்டு அழ வேண்டும். அதைக் கேட்க மாட்டாமல் வானம் இறங்கி வந்துவிடும் என்பது நம்பிக்கை.

வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்களும் வர வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை. “அண்ணனைப் பாத்துட்டு வர்றேன்” என்று மட்டும் நைனாவிடம் சொன்னாள் அம்மா. எதற்கு என்று சொல்லவில்லை.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் நைனாவுக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். தென்மேற்கில் லேசாகக் கருத்திருந்தது. பதினைந்து பாத்தி உப்பும் வரப்பில்தான் கிடந்தது. அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வானத்தையே பார்த்தார்.

“மூணு நாள் தள்ளிச்சின்னா போதும். மூணே நாள். எல்லாத்தையும் மேட்ல ஏத்திடுவேன்.”

என்னிடம் சொல்லவில்லை. வானத்திடம் சொன்னார். ஆனால் கேட்டது நான்.

மறுநாள் கிளம்பும்போது, சால் பானையிலிருந்து ஒரு பிடி கல்லுப்பு எடுத்துத் தாவணி நுனியில் முடிந்துகொண்டேன். அதற்கப்புறம் நாலு மைலும் அது என் இடுப்பில் உறுத்திக்கொண்டே வந்தது.

உப்பில்லாத சோறுதானே மழையைக் கூப்பிடும்? உப்பு விழுந்தால் கூப்பிடாதே... பத்தாம் வகுப்பில் முதல் ரேங்க் எடுக்கிறவளின் விஞ்ஞானம் அது.

அந்த வருஷம் பானையைச் சுமந்தவள் தாமரை. வயசுக்கு வந்த, கல்யாணம் ஆகாத பெண்தான் சுமக்க வேண்டுமாம். இடுப்பில் பானையும் முகத்தில் அவ்வளவு நம்பிக்கையுமாக முன்னால் நடந்தாள். என்னைப் பார்த்ததும், “நீயும் வந்துட்டியா? அப்ப கண்டிப்பா வரும்டி” என்றாள். மழையைத்தான் சொன்னாள்.

கடைசி வீடு முடிந்து ஏரிக்கரைக்குத் திரும்பினோம். தாமரை யாரோ கேட்டதற்குத் திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். “ஈ மொய்க்குதுடி, மூடிடறேன்” என்று ஒரு பூவரச இலைக் கொத்தைப் பானை மேல் வைத்தேன். வைக்கிற சாக்கில் முடிச்சை அவிழ்த்துவிட்டேன். ஒரு பிடி உப்பு சோற்றுக்குள் சத்தமில்லாமல் போய்விட்டது.

கரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சோற்றைப் பிசைந்து உருண்டை பிடித்து, மூத்த பெரியம்மா ஒவ்வொருவர் கையிலும் வைத்தார். வாயில் போட்டார்கள். பெரியம்மா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

“உப்பு கரிக்குது. எவ ஊட்டு சோறு இது?”

ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் இல்லை என்று சத்தியம் செய்தாள். கடைசியில் எல்லார் கண்ணும் பானையைச் சுமந்தவள் பக்கம் திரும்பியது. தாமரை முகம் வெளுத்துப்போய் நின்றாள். சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அம்மா தன் உருண்டையை மென்று விழுங்கினாள். என் தாவணி நுனியைப் பார்த்தாள். அது இன்னும் கசங்கி, வெள்ளை வெள்ளையாக இருந்தது.

“நான்தான் அக்கா” என்றாள். “அண்ணன் ஊட்டு சோத்த நான்தானே வடிச்சேன். உப்பள ஊடு பாரு... பழக்க தோஷத்துல கை போட்டுடுச்சு.”

பிறகு பெரியம்மா சொன்னார். “கை போடலடி. நீ அந்தப் பக்கத்து ஆளு ஆயிட்ட. ஒனக்கு எதுக்கு எங்க மழ?”

பிறந்த ஊரில், தன்னைத் தூக்கி வளர்த்தவர்களின் வாயிலிருந்து, அம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். தாமரையின் அப்பா, என் மாமா, விஷயம் தெரிந்து கரைக்கு வந்து, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போய்விட்டார். நாங்கள் மத்தியான வெயிலில் நாலு மைல் நடந்து திரும்பினோம். அம்மா என்னைத் திட்டவில்லை. அடிக்கவில்லை. பாதி வழியில் ஒரு பனை நிழலில் நின்று, என் தாவணி நுனியை உதறிவிட்டாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று நாள் மழை வரவில்லை. நைனா உப்பு முழுவதையும் மேட்டில் ஏற்றி, ஓலை போட்டு மூடிவிட்டார்.

நாலாவது நாளும் வரவில்லை. நாலாவது வாரமும் வரவில்லை. நான் கேட்டது மூன்று நாள்தானே? வானத்தில் யாரிடம் போய் அதைச் சொல்வது? தினமும் காலையில் எழுந்ததும் மேற்கே பார்ப்பேன். துடைத்து வைத்த மாதிரி இருக்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக மழை வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிரேயரில் டீச்சரே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக வேண்டினேன்.

புரட்டாசி பாதியில் தாமரை பள்ளிக்கூடத்துக்கு வருவது நின்றுவிட்டது. மல்லாட்டை போய்விட்டதாம். தை பிறந்தால் கல்யாணமாம்.

ஒரு வாரம் கழித்து அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது சரோஜா டீச்சர், “செந்தாமரை ஏன் வரலை, யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. டீச்சர் என்னை வெளியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார். எல்லாவற்றையும் கொட்டினேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். மூடநம்பிக்கை என்று ஒரு பாடம் எடுப்பார் என்று நினைத்தேன். அவர் சாக்பீஸைக் கையில் உருட்டினார்.

“உன் ஒரு பிடி உப்புக்கு அவ்வளவு சக்தி இருந்தா, நான் மூணு மாசமா தினம் பிரேயர்ல கேக்குறேனே, அதுக்கு ஏன் இல்லை?” என்றார். பிறகு, “அது கிடக்கட்டும். அந்தப் பொண்ணு ஸ்கூலுக்கு வரலை. அதுக்கு என்ன செய்யலாம், அதைச் சொல்லு” என்றார்.

அன்று சாயங்காலம் என்னோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

நைனா அப்போதுதான் அளத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். டீச்சர் வந்ததும் பதறிப்போய், பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கி வந்து போட்டார். டீச்சர் தாமரை விஷயத்தைச் சொன்னார். உப்பு விஷயத்தை நான் சொன்னேன். சொல்லும்போது அம்மா ஏரிக்கரைக்கு எதற்குப் போனாள் என்பதும் வெளியே வந்துவிட்டது. நைனா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

“மழை கேக்கவா போன?”

“ஆமா.”

“சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல?”

“சொன்னா வுட்டிருப்பீங்களா?”

நைனா விறகு அடுக்கியிருந்த மூலையைப் பார்த்தார். “மழை பெய்யும்போதெல்லாம் வெறகு நனையுதுன்னு போவியே... ஊட்டுக்குள்ள இருக்கற வெறகு எப்பிடி நனையும்னு ஒரு நாளாவது கேட்டிருக்கேனா?”

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அழுததை நான் அதிகம் பார்த்ததில்லை.

நைனா என் பக்கம் திரும்பினார். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

“எதுக்குப் போட்ட?”

“நீதானே நைனா மூணு நாள் தள்ளணும்னு சொன்ன.”

“எனக்காவா?”

தலையை ஆட்டினேன். அவர் உள்ளங்கை வெடிப்புகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

“என் ஆயுசுல இவ்ளோ உப்பு வாரினதில்ல டீச்சரம்மா” என்றார். “சாமி குடுத்துதுன்னு சந்தோசமா இருந்தேன். மேக்க காஞ்சதாலதானே இங்க வெளைஞ்சுது? அப்ப அந்த அம்பாரத்துல அந்தப் பொண்ணுக்கும் சோறு இருக்குது. நாளைக்குப் போய்க் கூட்டியாரேன். இங்க இருந்து படிக்கட்டும்.”

அவ்வளவுதான். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. அம்மா எழுந்து போய் உலை வைத்தாள். டீச்சர் அன்று எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்.

மறுநாள் நைனாவோடு நானும் போனேன். மாமா ‘வா’ என்று சொல்லவில்லை. நைனா அதைக் கண்டுகொள்ளாமல், “வா மச்சான், கொல்லையப் பாத்துட்டு வருவோம்” என்று அவரைத் தனியாக அழைத்துப் போனார். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்த நிலத்தின் நடுவில் இரண்டு பேரும் குந்தியிருந்தார்கள். மாமா ஒரு செடியைப் பிடுங்கி நைனா கையில் கொடுத்தார். காயே இல்லாத வெறும் வேர். நைனா அதைக் கீழே போடாமல் கடைசிவரை கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். என்ன பேசினார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பி வந்து மாமா என் முன்னால் நின்றார். என் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தார். நன்றாக வலித்தது. எனக்குக் கிடைத்த மொத்தத் தண்டனையும் அதுதான்.

“பொங்கலுக்கு உங்கம்மாவ வரச் சொல்லு” என்றார். உள்ளே பார்த்து, “தாமர, பொட்டியக் கட்டு. அத்த ஊட்ல இருந்து படி” என்றார்.

தாமரைக்குக் குட்டு எதற்கென்று தெரியாது. அப்படித்தான் நினைத்தேன். மாமா சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. நான் சொல்ல நினைத்தேன். நாளை சொல்லலாம், பரீட்சை முடிந்து சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அவளோ ஒரே பாயில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஒரே புத்தகத்தில் என்னோடு படித்துக்கொண்டிருந்தாள். எந்த வாயால் சொல்வது?

ஐப்பசியில் வந்தது மழை. ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது. தெருவே அளத்துக்கு ஓடியது. காற்றில் அம்பாரத்தின் ஓலைகள் பிய்த்துக்கொண்டு பறந்தன. நைனா ஒரு பக்கம் கயிற்றை இழுத்துக் கட்டினார். மறு பக்கம் ஓலை மேல் குப்புற விழுந்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு கிடந்தாள் தாமரை. அவள் அப்பாவின் நிலத்துக்கு வேண்டும்போது வராத மழை, அவள் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் எங்கள் உப்பை அது தொடாமல் பார்த்துக்கொண்டாள்.

“வர்றதுதான் வர்ற, ரெண்டு மாசம் முன்ன வந்திருக்கக் கூடாதா?” என்று மழையிடம் கேட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று அந்த மழையில் தெரியவில்லை. அவளுக்குப் பக்கத்தில் ஓலையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அதுவும் யாருக்கும் தெரிந்திருக்காது.

வீட்டுக்குத் திரும்பினால் அம்மா வாசலில் நின்று நனைந்துகொண்டிருந்தாள். விறகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நைனாவும் கேட்கவில்லை.

இன்னொன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். டீச்சர் எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போன மறுவாரம், பழைய பரீட்சைப் பேப்பரைக் கொண்டுவரச் சொன்னார். முட்டையை அடித்துவிட்டு ஒரு மார்க் போட்டார். “முதல் பாயிண்ட் தப்புதான். ரெண்டாவது பாயிண்ட் — நைனா வீட்டில் இருப்பார் — அது சரி. உங்க நைனா வீட்ல இருக்குறது பயன்தான்” என்றார். எம்.ஏ. வரை எத்தனையோ மார்க் வாங்கியிருக்கிறேன். நினைவில் இருப்பது அந்த ஒரு மார்க்தான்.

எனக்கு யாரும் உட்காரவைத்து உபதேசம் செய்ததில்லை. அம்மா செய்யாத தப்பை ஏற்றுக்கொண்டாள். நைனா தனக்கு வந்த நல்லது யார் வீட்டிலிருந்து வந்தது என்று திரும்பிப் பார்த்தார். டீச்சர் போட்ட முட்டையைத் திருத்தினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வளர்ப்பு என்பது அப்படித்தான் நடக்கிறது போலிருக்கிறது... நாம் சொல்வதைக் குழந்தைகள் எங்கே கேட்கிறார்கள்?

அதனால் ஒரு தொந்தரவும் வந்து சேர்ந்தது. தக்காளி மலிவு என்றால் விளைவித்தவன் முகம் நினைவுக்கு வருகிறது. எங்கள் தெருவில் ஃப்ளைஓவர் வருகிறது என்றால் யார் கடை போகிறது என்று கேட்கிறேன். “உனக்கு எதையுமே முழுசா என்ஜாய் பண்ணத் தெரியாதும்மா” என்கிறான் என் மகன். உண்மைதான். பாதி என்ஜாய் பண்ணவே பழகிவிட்டேன்.

சரி, பள்ளிக்கூட விழாவுக்கு வருவோம். பக்கத்து நாற்காலிக்காரி யார் என்று இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். ரிடையர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் செந்தாமரை. பதினொன்று முடித்து, டிரெய்னிங் முடித்து, இந்த மாவட்டத்தில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். கல்யாணமும் செய்துகொண்டாள், தனக்குப் பிடித்த வயதில், தனக்குப் பிடித்த ஆளை. என்னைச் சீஃப் கெஸ்ட்டாகக் கூப்பிட்டதும் அவள்தான்.

விழா முடிந்து சாப்பாடு. வெளியே மழை விடவில்லை. இலை போட்டார்கள். நான் சாம்பாரைப் பிசைந்து ஒரு வாய் போட்டுவிட்டு, “உப்பு கம்மியா இருக்கே” என்று பரிமாறுகிற பையனைத் தேடினேன்.

தாமரை இலையைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

“ஏன்டி, இன்னிக்கு முந்தானையில முடிஞ்சி எடுத்தாரலையா?”

ஐம்பது வருஷம். அவள் கல்யாணத்தில், என் கல்யாணத்தில், நைனா போனபோது, அம்மா போனபோது... எத்தனை தடவை வாய் வரைக்கும் வந்து முழுங்கியிருப்பேன்?

“பாத்தியா நீ?”

“பானை என் இடுப்புலதானேடி இருந்துது. உப்பு வுழறது தெரியாதா?”

“அப்ப ஏன் சொல்லல? எல்லாரும் உன்னைத்தானே பாத்தாங்க?”

“சொல்லத்தான் வாயத் தெறந்தேன். அத்தை முந்திக்கிட்டாங்க.” ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள். “அவங்களே ஏத்துக்கினப்புறம் நான் எதுக்குடி உன்னைக் காட்டிக் குடுக்கணும்?”

பையன் உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்தான். அவள் அதை வாங்கி, ஒரு சிட்டிகை எடுத்து என் கையிலேயே வைத்தாள். உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள் எங்கள் பக்கம்.

எங்களுக்குள் இனிமேல்தானா வரப் போகிறது?